அண்டக் கதிரின் வழி தேடியவர்

உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல எண்ணிப் பாருங்கள். எண்ணும் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ ஒரு துகள் உங்கள் கையை ஊடுருவிச் செல்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, வலிப்பதுமில்லை. விண்வெளியிலிருந்து மிக விரைவாக வந்த ஒரு துகள், நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதியதால் பிறந்த துகள் அது. விண்வெளியிலிருந்து அப்படி வந்து சேரும் துகள்களையே அண்டக் கதிர்கள் என்கிறோம்.

1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஆஸ்திரிய அறிவியலாளர் விக்டர் ஹெஸ், பலூனில் ஏறி 5,300 மீட்டர் உயரம்வரை சென்றார். மேலே செல்லச் செல்லக் கதிர்வீச்சு கூடுவதை அவருடைய கருவிகள் காட்டின. அது மண்ணிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வருகிறது என்பது அன்று தெளிவாயிற்று. கதிர் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அவை ஒளிக்கதிர்கள் அல்ல. மின்னேற்றம் கொண்ட துகள்கள். அவற்றுள் பெரும்பாலானவை புரோட்டான்கள்.

இத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன? இவற்றுக்கு இவ்வளவு ஆற்றல் கொடுத்தது எது? வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறையச் சம அளவில் வருவது ஏன்? பல ஆண்டுகள் விடை கிடைக்காத இவ்வினாக்களுக்கு 1949ஆம் ஆண்டில் ஒரு புதிய வழியைத் திறந்து வைத்தவர் என்ரிகோ ஃபெர்மி. உலகின் முதல் அணு உலையை இயக்கியவர் என்றே பலரும் அவரை அறிவர். அண்டக் கதிர்களின் வழியைத் தேடிய ஃபெர்மியை அறிந்தவர் சிலரே.

சந்தையில் கிடைத்த புத்தகம்

ஃபெர்மி 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இத்தாலியின் தலைநகரான ரோமில் பிறந்தார். தந்தை இரயில்வேத் துறை அதிகாரி. தாயார் பள்ளி ஆசிரியை. மரியா என்ற அக்காளும் ஜூலியோ என்ற அண்ணனும் அவருக்கு இருந்தனர். ஜூலியோவுக்கும் என்ரிகோவுக்கும் ஓராண்டே வயது வேறுபாடு. இருவரும் எப்போதும் இணைபிரியாமல் திரிந்தனர். தாங்களே சிறு மின்விசைப் பொறிகளைச் செய்து மகிழ்ந்தனர்.

1915ஆம் ஆண்டில் ஜூலியோவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. சிறிய அறுவை சிகிச்சைதான் என்று குடும்பத்தினர் நம்பியிருந்தனர். ஆனால், மயக்க மருந்து கொடுத்த நிலையிலேயே ஜூலியோ இறந்துபோனார். அப்போது என்ரிகோவுக்கு 13 வயது. தாயாரின் துயரம் வீட்டையே மூடியது. விளையாட்டுத் தோழனை இழந்த சிறுவன் தன் துயரை வெளியே காட்டாமல் படிப்பில் மூழ்கினான்.

ரோமில் காம்போ தே ஃபியோரி என்னும் சந்தை உண்டு. அங்கே பழைய புத்தகங்களும் விற்கப்பட்டன. ஒருநாள் அங்கு என்ரிகோ, இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட பழைய இயற்பியல் நூல் ஒன்றை வாங்கி வந்தான். கோள்களின் இயக்கம், அலைகள் எனப் பலவற்றைக் கணித முறையில் விளக்கும் நூல் அது. அது எம்மொழியில் இருந்தது என்பதைக்கூடக் கவனிக்காத அளவுக்கு அவன் அதில் ஆழ்ந்துபோனதாக அக்காள் மரியா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஜூலியோவின் வகுப்புத் தோழரான என்ரிகோ பெர்சிகோ, ஃபெர்மியின் நெருங்கிய நண்பரானார். இருவரும் தம் கைக்கு எட்டிய எளிய பொருள்களைக் கொண்டு சோதனைகள் செய்தனர். ரோமில் புவியீர்ப்பு விசை எவ்வளவு, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு வலிமையானது என்றெல்லாம் அளந்து பார்த்தனர். எளிய முறையில் பெரிய விடையைத் தேடும் பழக்கம் ஃபெர்மியிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

தந்தையுடன் பணியாற்றிய அமிதேய் என்னும் பொறியியலாளர், சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கணித நூல்களை இரவல் கொடுத்தார். பீசா நகரில் உள்ள புகழ்பெற்ற உயர்கல்வி நிலையத்தின் நுழைவுத் தேர்வை எழுதுமாறு தூண்டியவரும் அவரே. 1918ஆம் ஆண்டில் ஃபெர்மி எழுதிய தேர்வுக் கட்டுரை, பட்டப்படிப்பை முடித்தவர்களும் வியக்கும் தரத்தில் இருந்தது. ஒரு நல்ல வழிகாட்டி அமைந்ததால் ஓர் எளிய குடும்பத்துப் பையனுக்கு அறிவியலின் கதவு திறந்தது.

மெழுகுக் கட்டி காட்டிய உண்மை

1926ஆம் ஆண்டில், 25 வயதில், ஃபெர்மி ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரைச் சுற்றி இளம் ஆய்வாளர்கள் பலர் கூடினர். ஃபெர்மிக்கு அண்டக் கதிர்களின்மீது ஆர்வம் ஏற்பட்டதும் அக்காலத்தில்தான். புரூனோ ரோசி என்னும் இளம் அறிவியலாளர் அக்கதிர்களை ஆராய்ந்து வந்தார். பூமியின் காந்தப்புலம் அண்டக் கதிர்களை எவ்வாறு வளைக்கும் என்பதைப் பற்றி இருவரும் சேர்ந்து 1933ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

மறு ஆண்டில் ஃபெர்மியின் குழுவினர், நியூட்ரான் என்னும் துகளைப் பல தனிமங்களின்மீது மோதச் செய்து ஆராய்ந்தனர். நியூட்ரானின் வழியில் ஈயத்தை வைத்துப் பார்க்கத் திட்டமிட்டிருந்த ஃபெர்மி, கடைசி நேரத்தில் மனம் மாறி மெழுகுக் கட்டி ஒன்றை வைத்தார். தமக்கு ஏன் அவ்வாறு தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை. வெள்ளித் துண்டில் உண்டான கதிரியக்கம் பல மடங்கு கூடியதைக் கண்டு அனைவரும் திகைத்தனர்.

ஃபெர்மி விரைவில் காரணத்தைக் கண்டறிந்தார். மெழுகில் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. நியூட்ரான் அவற்றின்மீது மீண்டும் மீண்டும் மோதி, அங்குமிங்கும் சிதறி, வேகத்தை இழக்கிறது. மெதுவாகச் செல்லும் நியூட்ரானை அணுக்கரு எளிதில் பிடித்துக்கொள்கிறது. நீரிலும் ஹைட்ரஜன் உண்டு. எனவே, ஆய்வுக்கூடத்தின் பின்புறம் இருந்த மீன்குளத்து நீரிலும் சோதனையைச் செய்து பார்த்தனர். அதே விளைவு கிடைத்தது.

திசை மாறித் திசை மாறி அலையும் ஒரு துகளின் ஆற்றல் எவ்வாறு மாறும்? இந்த வினா ஃபெர்மியின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு, அண்டக் கதிர்களைப் பற்றிச் சிந்தித்தபோது அதே வினா புதிய வடிவில் அவர்முன் நின்றது.

நாடு துறந்த குடும்பம்

1938ஆம் ஆண்டில் முசோலினியின் அரசு, யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டு வந்தது. ஃபெர்மியின் மனைவி லாரா யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிறந்த நாட்டில் இனிப் பாதுகாப்பு இல்லை என்பதை இருவரும் உணர்ந்தனர். அதே ஆண்டில் ஃபெர்மிக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெறக் குடும்பத்துடன் சுவீடனுக்குச் சென்ற ஃபெர்மி, இத்தாலிக்குத் திரும்பவில்லை. பின்னர் கப்பலேறி, 1939ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் நியூயார்க் நகரை அடைந்தார்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு சோதனையும் காத்திருந்தது. யுரேனியத்தின்மீது நியூட்ரானை மோதச் செய்தபோது புதிய தனிமங்கள் உருவானதாக அவர் கருதியிருந்தார். உண்மையில் யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதை ஜெர்மானிய அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். நோபெல் மேடையில் பேசிய பேச்சிலேயே ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. ஃபெர்மி அதை மறைக்க முயலவில்லை. அச்சிடப்பட்ட உரையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்து, புதிய கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் தம் கருத்தை மீண்டும் ஆராய வேண்டும் என்பதைப் பதிவு செய்தார்.

அணுவின் ஆற்றலும் மனச்சான்றின் பாரமும்

1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், சிக்காகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில், ஃபெர்மியின் தலைமையில் உலகின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அன்று காலையில் ஒரு பாதுகாப்புத் தண்டு தானாக விழுந்து சோதனை தடைபட்டது. அனைவரும் பதற்றத்துடன் நின்றபோது, ஃபெர்மி எல்லாரையும் மதிய உணவுக்கு அனுப்பி வைத்தார். பிற்பகலில் திரும்பி வந்து, அமைதியாகப் பணியை முடித்தார்.

அதன் தொடர்ச்சியாக அணுகுண்டு உருவாயிற்று. 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் முதல் குண்டு பாலைவனத்தில் வெடிக்கப்பட்டபோது, ஃபெர்மி தொலைவில் நின்று சிறு காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து உதிர்த்தார். வெடிப்பின் அலை அத்துண்டுகளை எவ்வளவு தூரம் தள்ளியது என்பதைக் காலடியால் அளந்தே, குண்டின் ஆற்றலை உடனே மதிப்பிட்டார். பின்னர் கருவிகள் காட்டிய அளவு அவருடைய மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்குதான். வெறும் காகிதத்தைக் கொண்டு அவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது.

ஆனால், ஆகஸ்டு மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அழிந்தன. குண்டைப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தங்களுக்குத் தெரியவில்லை என்று அரசுக்குக் கூறிய அறிவியலாளர் நால்வருள் ஃபெர்மியும் ஒருவர். இது அவருடைய வாழ்வில் மறைக்க முடியாத பக்கம். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதைவிடப் பன்மடங்கு அழிவைத் தரும் ஹைட்ரஜன் குண்டைச் செய்யலாமா என்று அரசு கேட்டபோது, அறநெறியின் அடிப்படையில் அதை எதிர்த்து இசிடோர் ராபியுடன் சேர்ந்து அவர் கருத்துரைத்தார். அரசோ அதைச் செய்யவே முடிவெடுத்தது. அதன் பிறகு ஃபெர்மியும் அதன் கணக்குப் பணிகளில் ஓரளவு ஈடுபட்டார்.

போர் முடிந்தபின் ஃபெர்மி சிக்காகோவில் பேராசிரியராகி, மாணவர்களுடன் ஆய்வில் ஈடுபட்டார். இரகசியமும் காவலும் இல்லாத அந்நாள்களில்தான் அவருடைய சிந்தனை மீண்டும் அண்டக் கதிர்களின் பக்கம் திரும்பியது.

விண்வெளியில் அலையும் துகள்கள்

1948ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஹேன்ஸ் ஆல்வேன் சிக்காகோவுக்கு வந்தார். மின்சாரத்தைக் கடத்தும் வாயுவில் காந்தப்புலக் கோடுகள், மீட்டப்பட்ட வீணைத் தந்தியைப் போல அதிரும் என்பது அவருடைய கருத்து. பல ஆண்டுகளாக அதைப் பலர் ஏற்கவில்லை. ஆல்வேனின் விளக்கத்தைக் கேட்ட ஃபெர்மி, அது முற்றிலும் இயல்பானதே என்று தலையசைத்தார். ஃபெர்மியே ஏற்றுக்கொண்டபின் மற்றவர்களின் ஐயமும் விலகியதாக ஆல்வேன் பின்னாளில் கூறினார்.

அண்டக் கதிர்கள் சூரியனின் அருகிலேயே பிறக்கின்றன என்று ஆல்வேனும் எட்வர்ட் டெல்லரும் எண்ணினர். ஃபெர்மிக்கு அதில் உடன்பாடில்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள பெருவெளியில்தான் விடை இருக்கிறது என்று அவர் கருதினார்.

அந்தப் பெருவெளி முற்றிலும் வெறுமையானதன்று. அங்கே மிக மெல்லிய வாயு மேகங்கள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. அவை காந்தப்புலத்தையும் தம்முடன் இழுத்துச் செல்கின்றன. அப்புலத்தின் வலிமை, பூமியின் காந்தப்புலத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆயினும், மின்னேற்றம் கொண்ட துகளை வளைக்க அது போதும். புரோட்டான் ஒன்று காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றி, சுருள்கம்பியின் வடிவில் முன்னேறுகிறது.

அந்தக் கோடுகள் நேராக இருந்தால் துகள் ஒரே வழியில் போய்விடும். ஆனால், மேகங்களின் கொந்தளிப்பால் கோடுகள் நெளிந்தும் முறுக்கிக்கொண்டும் கிடக்கின்றன. அதனால் துகள் திசை மாறிச் சிதறுகிறது. எல்லா நெளிவுகளும் துகளை ஒரே அளவில் சிதறடிப்பதில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் தெளிவாக விளக்கினர். கடலில் செல்லும் படகை எண்ணிப் பாருங்கள். மிக நீண்ட அலை அதை மெல்ல உயர்த்தி இறக்கும். சின்னஞ்சிறு சிற்றலை அதை அசைப்பதே இல்லை. படகின் நீளத்தை ஒத்த அலையே அதைத் தூக்கிப் போட்டு அலைக்கழிக்கும். அதுபோல, துகள் சுற்றும் வட்டத்தின் அளவை ஒத்த நெளிவே துகளின் திசையைப் பெரிதும் மாற்றுகிறது.

நம் பால்வெளி மண்டலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்ல ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டுகள் ஆகும். அண்டக் கதிர்களோ ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்தும், பல மில்லியன் ஆண்டுகள் அதற்குள்ளேயே அலைந்து திரிகின்றன. அவை எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதற்கும் இதுவே காரணம். கூட்டத்தில் பலமுறை திசை திருப்பப்பட்டு நம்மிடம் வந்து சேர்பவர், எந்த வாயில் வழியாக உள்ளே நுழைந்தார் என்பதை அவர் வரும் திசையைக் கொண்டு சொல்ல முடியாதல்லவா?

சிதறலில் பிறக்கும் ஆற்றல்

ஃபெர்மியின் சிந்தனை இதோடு நிற்கவில்லை. சிதறும்போது துகளின் திசை மட்டுமா மாறுகிறது, ஆற்றலும் மாறுமா என்று அவர் கேட்டார். மேசைப்பந்து ஆட்டத்தில், நம்மை நோக்கி வரும் பந்தை மட்டையை முன்னே வீசி அடித்தால் பந்து கூடுதல் வேகத்துடன் திரும்பும். மட்டையைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறையும். விண்வெளியில் காந்த மேகமே மட்டை, துகளே பந்து. எதிரே வரும் மேகத்தில் பட்டுத் திரும்பும் துகள் ஆற்றல் பெறுகிறது. விலகிச் செல்லும் மேகத்தில் பட்டால் ஆற்றலை இழக்கிறது.

அப்படியானால் இலாபமும் நட்டமும் சமமாகிவிடாதா? இங்குதான் ஃபெர்மியின் நுட்பம் வெளிப்படுகிறது. நெடுஞ்சாலையில் செல்லும்போது, எதிர்த்திசையில் வரும் வாகனங்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். நம் திசையிலேயே செல்லும் வாகனங்களைக் கடப்பது குறைவு. அதுபோலத் துகளும் எதிரே வரும் மேகங்களைச் சற்று அதிகமாகச் சந்திக்கிறது. ஆகவே, மொத்தக் கணக்கில் சிறிது இலாபமே மிஞ்சுகிறது.

அந்த இலாபம் மிகச் சிறியது. ஒரு மேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், ஒரு சந்திப்பில் சராசரியாகக் கிடைப்பது, துகளிடம் ஏற்கெனவே உள்ள ஆற்றலில் ஏறத்தாழ நூறு மில்லியனில் ஒரு பங்குதான். ஆனால், இது கூட்டு வட்டியைப் போன்றது. முதல் வளர வளர வட்டியும் வளரும். மெழுகில் சிதறிய நியூட்ரான், அசையாமல் இருந்த சிறு அணுக்களிடம் ஆற்றலை இழந்தது. விண்வெளியில் சிதறும் துகளோ, நகர்ந்துகொண்டிருக்கும் மாபெரும் மேகங்களிடமிருந்து ஆற்றலைப் பெறுகிறது. சிதறல் ஒன்றே, சூழல் மாறியதால் விளைவும் மாறியது.

இக்கருத்து இன்னொரு புதிரையும் விளக்கியது. அண்டக் கதிர்களில் குறைந்த ஆற்றல் கொண்டவை மிகப் பல; ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை ஓர் ஒழுங்கான முறையில் குறைகிறது. ஒரு வங்கியில் பலர் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, வெவ்வேறு காலங்களில் பணத்தை எடுத்துக்கொண்டு போவதாகக் கொள்வோம். பெரும்பாலோர் விரைவிலேயே போய்விடுவர். அவர்களிடம் சிறு தொகையே இருக்கும். நெடுங்காலம் காத்திருந்த மிகச் சிலரிடம் பெருந்தொகை சேர்ந்திருக்கும். துகள்களும் அப்படியே. பல துகள்கள் இடையிலேயே அணுக்களோடு மோதி மறைந்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்து நெடுங்காலம் அலைந்த சிலவே பேராற்றல் பெறுகின்றன.

குறையை மறைக்காத கட்டுரை

1949ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஃபெர்மி இக்கோட்பாட்டை வெளியிட்டார். வேறொருவராக இருந்தால் அதன் சிறப்பை மட்டுமே எழுதியிருக்கலாம். ஃபெர்மியோ, தம் கோட்பாடு எங்கே தடுமாறுகிறது என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்.

ஒரு துகள் மேகங்களிடமிருந்து ஆற்றலைச் சேர்க்கத் தொடங்க வேண்டுமானால், முதலில் அதனிடம் ஓரளவு ஆற்றல் இருக்க வேண்டும். இல்லையெனில், வாயுவில் செல்லும்போது வரவைவிடச் செலவு மிகுந்துவிடும். புரோட்டானைவிடக் கனமான அணுக்கருக்களுக்கு இச்செலவு மிக அதிகம். ஆனால், அத்தகைய கனமான அணுக்கருக்களும் அண்டக் கதிர்களில் இருப்பது அதற்கு முந்தைய ஆண்டில்தான் தெரியவந்திருந்தது. அவை எவ்வாறு தொடக்க ஆற்றலைப் பெற்றன என்பதைத் தம் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை என்று ஃபெர்மி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அந்தக் குறையை நிரப்ப அவர் தொடர்ந்து முயன்றார். அம்முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவரும் ஃபெர்மியும் வாரந்தோறும் சந்தித்து விண்வெளிக் காந்தப்புலத்தைப் பற்றி உரையாடினர். மெழுகுக் கட்டியை வைத்த அந்த நாளைப் பற்றி ஃபெர்மி தம்மிடம் சொன்னதைப் பதிவு செய்து வைத்தவரும் சந்திரசேகரே.

எட்டாத் தொலைவில் உள்ள காந்தப்புலத்தை எப்படி அளப்பது? இருவரும் ஓர் எளிய வழியைக் கண்டனர். விண்மீன்களின் ஒளி, வழியில் உள்ள தூசுகளைக் கடந்து வரும்போது, காந்தப்புலத்தின் திசையைக் காட்டும் ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. புலம் வலுவாக இருந்தால், வாயுவின் கொந்தளிப்பு அதை எளிதில் நெளிக்க முடியாது. இறுக்கமாகக் கட்டிய கயிற்றைக் காற்று அதிகம் ஆட்ட முடியாததைப் போன்றது இது. புலம் வலுவற்றதாக இருந்தால், திசைகள் பெரிதும் சிதறிக் கிடக்கும். ஆகவே, சிதறலின் அளவைக் கொண்டு புலத்தின் வலிமையைக் கணக்கிடலாம். 1953ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இம்முறையை இன்றும் வானியலாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

மறு ஆண்டில் ஃபெர்மி தம் பழைய கோட்பாட்டைத் தாமே திருத்தி எழுதினார். வலுவான இரு காந்தப் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கி வரும்போது, இடையில் சிக்கிய துகள் மாறி மாறி இரண்டிலும் பட்டு, மேலும் விரைவாக ஆற்றல் பெறும் என்று அதில் எடுத்துக்காட்டினார்.

நிறைவும் தொடர்ச்சியும்

1954ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஃபெர்மியின் வயிற்றில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவத்தால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதும், குழாய் வழியே இறங்கிய மருந்துநீரின் துளிகளை எண்ணி, கடிகாரத்தைப் பார்த்து அதன் வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாராம். நவம்பர் 28ஆம் நாள், 53 வயதில், அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற வினாவைப் பிறர் எடுத்துக்கொண்டனர். 1970களின் இறுதியில், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரே விடையை நோக்கி வந்தனர். பெரிய விண்மீன் ஒன்று வெடிக்கும்போது எழும் அதிர்ச்சி அலையின் இருபுறமும் கொந்தளிக்கும் காந்தப்புலம் இருக்கிறது. துகள் அந்த அலையை முன்னும் பின்னுமாகக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் பெறுகிறது. அங்கே நட்டமே இல்லை. ஃபெர்மி கண்ட மட்டையும் பந்தும் இதிலும் இருக்கின்றன, மட்டைகள்தாம் வேகமாகிவிட்டன.

2008ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட காமா கதிர்த் தொலைநோக்கி ஒன்றுக்கு ஃபெர்மியின் பெயர் சூட்டப்பட்டது. வெடித்த விண்மீன்களின் எச்சங்கள் இரண்டில், புரோட்டான்கள் பேராற்றல் பெறுவதற்கான சான்றை அத்தொலைநோக்கி கண்டறிந்ததாக 2013ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஃபெர்மி தொடங்கிய தேடலுக்கு அவர் பெயர் தாங்கிய கருவியே சான்று தந்தது.

அதற்காகத் தேடல் முடிந்துவிடவில்லை. மிகப் பேராற்றல் கொண்ட அண்டக் கதிர்கள் பிறக்கும் இடம் எது, காந்தப்புலத்தின் கொந்தளிப்பு அவற்றை எவ்வளவு சிதறடிக்கிறது என்பன இன்றும் ஆய்வில் உள்ளன. ஃபெர்மியின் முதல் கோட்பாடு முழுமையானதன்று. தன் குறை எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டியதால்தான், பின்வந்தவர்கள் அங்கிருந்து தொடர முடிந்தது. தெரிந்ததைத் தெளிவாகவும் தெரியாததை நேர்மையாகவும் எழுதி வைப்பது ஓர் ஆய்வாளர் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லும் நல்ல செல்வமாகும். அந்தச் செல்வத்தை ஃபெர்மி நமக்கு விட்டுச் சென்றுள்ளார்.